அம்மாவும் ஐரோப்பியக் கோப்பையும்

எண்பதுகளில் சுவிஸ் வந்து சேர்ந்த எங்கள் மூவருக்கும் ஏரிக்கரை நகரமொன்றில் ஒரே ஓர் அறை. அப்பா பகலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அம்மா இரவில் தொழிற்சாலை துடைக்கப் போனார். பகலில் சமையல், துவையல், மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளியிலிருந்து வந்து நிற்கும் நான்.

அந்த வருடம் எங்கள் நகரத்துக் கூடைப்பந்து அணி ஐரோப்பியக் கோப்பைக்குத் தேர்வாகியிருந்தது. அதுவும் யாரோ கழுவவேண்டிய கோப்பை என்றுதான் முதலில் நினைத்தேன். போட்டிக்காக வீரர்கள் ஒவ்வொரு மாலையும் பயிற்சி செய்தார்கள். மண்டபக் கதவு திறந்தே கிடக்கும். உள்ளே நல்ல சூடு. வேலையால் வந்த கையோடு அப்பா என்னை அங்கே கூட்டிப்போய்விடுவார்.

வகுப்பில் வேறு எவருடைய அப்பாவும் இவ்வளவு பெரிய ரசிகர் இல்லை என்பதில் எனக்குப் பெருமை. ஆனால் உட்கார்ந்த சற்று நேரத்தில் அவர் தலை சரிந்துவிடும். யார் நன்றாக விளையாடியது என்று கேட்டால், “எல்லாரும்தான் பிள்ளை” என்பார். நாங்கள் திரும்பும்போது அம்மா வீங்கிய கண்களோடு வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருப்பார். தன்னை விட்டுவிட்டுப் போன கோபம் என்று நினைத்துக்கொள்வேன்.

முதல் சுற்றைத் தாண்டினோம். அடுத்த சுற்றில் இத்தாலிய அணி. பழகிய முகம் என்று வாசற்காவலர் எங்களைச் சும்மா உள்ளே விட்டார். அன்று மட்டும் அப்பா தூங்கவில்லை. “இண்டைக்கு எப்பிடியும் வெல்ல வேணும்” என்று முணுமுணுத்தபடியே இருந்தார். தோற்றோம். சனம் கலைந்த பிறகும் அவர் எழும்பவில்லை.

காவலர் வந்து பிரெஞ்சில் சொன்னதை நான்தான் மொழிபெயர்த்தேன். “இனிப் பின்னேரத்திலை கதவு திறக்க மாட்டினமாம், அப்பா.”

வீட்டில் அம்மா சப்பாத்து போட்டுக்கொண்டிருந்தார்.

“தோத்துட்டினம்” என்றார் அப்பா.

அம்மா அப்படியே கட்டிலில் இருந்துவிட்டார். “அப்ப இனி ஒண்டும் இல்லையோ?”

“இல்லை.”

அவர் கண் கலங்கியதைக் கண்டதும் எனக்கு ஒரே ஆச்சரியம். அம்மாவும் எங்கள் அணியின் ஆள்தான்! பக்கத்தில் போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். “அழாதேங்கோ. வாற வருசம் வெல்லுவினம்.”

“ஓம்” என்று சொல்லி அம்மா வேலைக்குப் போனார். நாங்கள் அறையில் இல்லாத அந்த மாலைகளில்தான் அவர் தூங்கினார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தோல்வியை இவ்வளவு மனதில் எடுக்கக்கூடாது என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.