மூத்தவளின் பாட்டுகள்

எங்கள் வீட்டுக்குக் கட்டில் வருவதற்கு முன்பே ஸ்பீக்கர் பெட்டிகள் வந்துவிட்டன. சுனாமிக்குப் பிறகு திராய்மடுவில் கொடுத்த புது வீடு அது. சுவரில் சீமெந்து மணம்கூடப் போகவில்லை. கரடியனாற்றிலிருந்து கலியாணம் முடித்து வந்து நான் பாய் விரித்துப் படுத்த அறைக்கு அடுத்த அறையில், அவர் பலகை அறுத்துக்கொண்டிருந்தார். இடுப்புயரத்துக்கு இரண்டு பெட்டிகள். உள்ளே அடைக்கப் பஞ்சு போதவில்லை என்று, அம்மா தந்துவிட்ட இலவம்பஞ்சுத் தலையணையில் ஒன்றைக் கேட்டார். பெட்டி வெறுமையாக இருந்தால் சத்தம் உள்ளுக்குள்ளேயே முட்டி மோதுமாம். கொடுத்தேன். புதுப் பெண்சாதி வேறென்ன செய்வாள்.

அவருக்கு நான் இரண்டாம் தாரம். மூத்தவள் நாவலடியில் அலையோடு போனவள். வீடும் போய்விட்டது, அவளுடைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மிஞ்சியது ஒரு கணினி மட்டும்தான். பழுதாகி, செங்கலடியில் திருத்தக் கொடுத்திருந்ததால் அது தப்பியது. அதற்குள் அவளுடைய பெயரில் ஒரு ஃபோல்டர், அது நிறையப் பாட்டுகள். அதை முதன்முதலில் திறந்து காட்டியபோது அவர் ஒரு பாட்டைப் போட்டார். யார் சேர்த்த பாட்டுகள் என்று நான் கேட்கவில்லை. பெயரைப் பார்த்தேன், அது போதுமாயிருந்தது.

இப்போது எந்தப் பாட்டையும் கைப்பேசியில் கேட்டுவிடலாம். அன்று அது மாதக்கணக்கில் நடந்த வேலை. சவூதியில் உழைத்துவிட்டு வந்த காத்தான்குடி முஸ்லிம் காக்கா ஒருவரிடம் பழைய அம்ப்ளிஃபயர் வாங்கினார். கணினியின் விசிறி இரைவது பாட்டுக்குள் கேட்கிறது என்று சுவரில் துளை போட்டு, வயரை இழுத்து, கணினியை எங்கள் படுக்கையறையில் கொண்டுவந்து வைத்தார். பெட்டியை விரலளவு தள்ளுவார், வந்து கதிரையில் உட்கார்ந்து கேட்பார், திரும்ப எழும்பிப் போவார். சரியாக வைத்தால் பாடுகிற ஆள் இரண்டு பெட்டிக்கும் நடுவில் நிற்பது போல இருக்கும் என்றார். ஒரு பின்னேரம் அப்படியே கேட்டது. நடுவில் வெறும் சுவர்தான். ஆனால் அங்கிருந்து ஒரு பெண் பாடினாள். அவள் மூச்செடுப்பதுகூடக் கேட்டது. "வடிவாக் கேக்குது, என்ன?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது. அங்கே நிற்பது யாரென்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

உயிரோடு இருக்கிற ஒருத்தி என்றால் சண்டை பிடிக்கலாம். இவளோடு என்ன செய்வது? அவள் கறுப்பா சிவப்பா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டே அவளை மனதுக்குள் உருவாக்கி வைத்திருந்தேன். புல்லாங்குழல் பிடிக்கும் அவளுக்கு. மெதுவான பாட்டுகள் பிடிக்கும். படித்தவள், ரசனைக்காரி. எனக்கோ, வயல் வட்டைக்குள் காவலுக்குப் போகும்போது அப்பா கொண்டுபோகிற பற்றரி றேடியோதான் சங்கீதம், அதிலும் பாதி இரைச்சல். இதை அவரிடம் சொல்ல வெட்கப்பட்டேன். எங்கள் ஊர்ப்பக்கம் போர் மூண்டு செல்லடி தொடங்கி, அப்பாவும் அம்மாவும் எங்களிடம் ஓடிவந்திருந்த நாட்களில் பாட்டு நின்றது. வீடு முழுக்கச் சனமும் அழுகையுமாக இருந்த அந்த நேரத்திலும், அவள் வாய் மூடிவிட்டாள் என்று எனக்குள் ஓர் ஆறுதல் இருந்தது.

போர் முடிந்து பயமில்லாமல் போய்வரலாம் என்றானபோது, கதிரவெளியிலிருந்து மூத்தவளின் தங்கச்சி எங்களைப் பார்க்க வந்தாள். கருவாடு கொண்டுவந்தாள். என்னையும் அக்கா என்றே கூப்பிட்டாள். அவளுக்காக இவர் அந்த ஃபோல்டரைத் திறந்து ஒரு பாட்டைப் போட்டார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தவள் சிரிக்கத் தொடங்கினாள்.

"அத்தான், இன்னும் இதத்தான் கேக்கிறீங்களா? அக்காக்கு இந்தச் சத்தமே பிடிக்காதே. நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க எண்டு அடுப்படியில இருந்து ஏசுவா."

"ஓம், ஏசுவா," என்று அவரும் சிரித்தார். "அவட பேரப் போட்டு வெச்சாலாவது கேப்பா எண்டு பாத்தன். ஒருநாளும் கேக்கல்ல."

பாட்டெல்லாம் அவருடையவை. நான் பொறாமைப்பட்ட அந்த ரசனைக்காரி இருந்ததேயில்லை. மனம் ஆறியிருக்க வேண்டும், ஆறவில்லை. முன்னைவிடக் கூடவே எரிந்தது. அவளால் இந்த மனிசனை ஏச முடிந்திருக்கிறது. வாங்கிய ஏச்சை நினைத்து அவர் சிரித்த அந்தச் சிரிப்பை, என்னோடு இருந்த இத்தனை காலத்தில் நான் ஒருமுறையும் கண்டதில்லை. எப்படிக் காண்பேன்? எதற்கும் தலையாட்டிக்கொண்டு, விருந்துக்கு வந்தவள் போலத்தானே அந்த வீட்டில் இருந்தேன்.

தங்கச்சியைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த மறுநாள், நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது அவர் பாட்டைப் போட்டார். கையைக்கூடக் கழுவாமல் எழும்பிப் போய் அறை வாசலில் நின்றேன்.

"இஞ்சேருங்க, அத நிப்பாட்டுங்க. எனக்குத் தல இடிக்குது."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபிக்கப் போகிறார் என்று நினைத்தேன். எழும்பிப் போய் நிறுத்தினார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என் பின்னாலேயே அடுப்படிக்கு வந்து, பக்கத்தில் குந்திக்கொண்டு, "இண்டைக்கு என்ன மீன்?" என்று கேட்டார்.