சாம்பல் நிறப் பொத்தான்

பாரிஸ்காரர்கள் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள்: நாங்கள் கொடுப்பது, நீங்கள் வாங்கிக்கொள்வது என்ற காலம் முடிந்தது, இனி இரு தரப்பும் சமம். மேற்கு ஆப்பிரிக்காவில் அவர்கள் முன்பு ஆண்ட நாடுகள் பிரெஞ்சு ராணுவத்தை ஒவ்வொன்றாக வழியனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. இந்தப் பணிவு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

நான் டெக்சஸின் ரவுண்ட் ராக்கில் என் சமையலறை மேசையில் உட்கார்ந்து, காலை ஏழு மணிக்கு, காபியோடு அதைக் கேட்டேன். ஒரு பக்கம் பாரிஸின் உதவி அமைப்பு. இன்னொரு பக்கம் அந்த நாடுகளில் ஒன்றின் அரசு மருந்துக் கிடங்கு. நடுவில் மென்பொருள் எழுதும் நாங்கள். மலேரியா மருந்தைத் தருவிக்கும் ஆர்டர்களுக்காக ஒரு புதிய மென்பொருள் வேண்டும். இனி ஆர்டர்களைக் கிடங்கே அனுமதிக்கும், பாரிஸ் பார்த்துக்கொண்டிருக்கும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது.

கிடங்கின் தலைவி ஐம்பதைத் தாண்டிய மருந்தாளுநர். அதிகம் பேசமாட்டார். சோதனை நாளன்று தன் திரையை எங்களுக்குக் காட்டியபடி ஓர் ஆர்டரை நிரப்பினார். கடைசியில் இருந்த ‘அனுமதி’ப் பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. இரண்டு முறை அழுத்திப் பார்த்தார்.

“நான் பார்க்கும் நான்காவது புதிய ஏற்பாடு இது. எல்லாவற்றிலும் என் பொத்தான் இப்படித்தான் இருந்தது” என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

தவறு என்னுடையது. யாருக்கு என்ன உரிமை என்ற பட்டியலைப் பழைய ப்ராஜெக்ட் ஒன்றிலிருந்து எடுத்து ஒட்டியிருந்தேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். பழைய பட்டியலில் பணம் தருபவர் அனுமதிப்பார், களத்தில் இருப்பவர் பார்க்க மட்டும் செய்வார். சோழிங்கநல்லூரில் நான்கு வருடம் நானே அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவன்தான். கோளாறைச் சரிசெய்வது நாங்கள். அதை லைவில் ஏற்றிப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர அமெரிக்காவில் யாராவது தூங்கி எழுந்து வந்து அனுமதி தரவேண்டும். கேன்டீனில் தினமும் அவர்களைத் திட்டித் தீர்ப்போம். அந்த நான், டெக்சஸுக்கு வந்து பத்து வருடத்தில், யோசிக்காமல் அதையே செய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மன்னிப்புக் கேட்டு, உடனே மாற்றிவிடுகிறேன் என்றேன். பாரிஸ் அதிகாரி குறுக்கிட்டார். “அவசரமில்லை. இப்போதைக்கு இப்படியே இருக்கட்டும். இரண்டாம் கட்டத்தில் பார்ப்போம்.”

என் தவறு அவருக்கு வசதியாகப் போய்விட்டது. தலைவி ஒன்றுதான் கேட்டார். “மழைக்காலத்தில்தான் எங்களுக்கு மருந்து அதிகம் தேவை. ஆகஸ்டில் உங்கள் அலுவலகத்தில் யார் இருப்பார்கள்?”

ஆகஸ்டில் பாரிஸ் மொத்தமும் விடுமுறைக்குப் போய்விடும். போன ஆகஸ்டில் ஓர் ஆர்டர் மூன்று வாரம் அப்படிக் கிடந்ததையும், குழந்தைகள் வார்டில் மருந்து தீர்ந்துபோனதையும் அவர் முன்பே சொல்லியிருந்தார்.

எங்கள் வேலையில் மாற்றம் செய்ய இரண்டு வழி உண்டு. புதிதாக ஒன்றைக் கேட்டால் அது சேஞ்ச் ரிக்வெஸ்ட்; வாடிக்கையாளர், அதாவது பணம் தரும் பாரிஸ், ஒப்புதல் தரவேண்டும். நாங்கள் தப்பாகச் செய்திருந்தால் அது டிஃபெக்ட். யாரையும் கேட்காமல் சரிசெய்யலாம், ஆனால் செய்தவன் பெயரோடு பதிவாகும். என் மேனேஜரும் சென்னைக்காரர்தான். அவரிடம் சொன்னேன்.

“டிஃபெக்ட்னு போட்டா உன் பேர்லதான்பா நிக்கும். ரிவ்யூல அடி வாங்குவ. சேஞ்ச் ரிக்வெஸ்ட்டா ரெய்ஸ் பண்ணிட்டு கம்முனு இரு.”

“அவங்க அப்ரூவ் பண்றதுக்குள்ள ஆகஸ்ட் முடிஞ்சிடும்.”

“கம்பெனி போட்ட உன் க்ரீன் கார்ட் பெண்டிங்ல இருக்கு. அத யோசிச்சியா?”

யோசித்தேன். இரண்டு நாள் அதை மட்டும்தான் யோசித்தேன். பிறகு டிஃபெக்ட் என்றே பதிவு செய்தேன். காரணம் என்ற கட்டத்தில் ‘என் கவனக்குறைவு’ என்று எழுதினேன். பாரிஸ் அதிகாரி விளக்கம் கேட்டு எழுதினார். ஒப்பந்தத்தின் அந்த வரியை எடுத்து அனுப்பினேன். அதன்பின் அவர் ஒன்றும் எழுதவில்லை. கிடங்கின் பொத்தான் பச்சையாயிற்று.

ஜூலையில் எல்லாவற்றையும் கிடங்கின் கணினிப் பிரிவுக்குக் கற்றுக்கொடுத்து ஒப்படைத்தோம். என் வேலையை மதிப்பிடும் ரிவ்யூவில் மேனேஜர் சொன்னபடியே அடி விழுந்தது.

ஆகஸ்டில் ஒரு காலை, பாரிஸ் அதிகாரியிடமிருந்து தானியங்கி மின்னஞ்சல் வந்தது: செப்டம்பரில் திரும்புவேன். அதே காலையில் கிடங்கின் பெரிய ஆர்டர் தலைவியின் அனுமதியோடு கிளம்பியிருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். தலைவியின் மின்னஞ்சலும் வந்திருந்தது. நன்றி சொல்லியிருப்பார் என்று நினைத்துத்தான் திறந்தேன்.

“ஆர்டர் போய்விட்டது. உரிமைப் பட்டியலின் உச்சியில் உங்கள் பெயர் இன்னும் இருக்கிறது. என் பொத்தானை மறுபடி சாம்பலாக்க உங்களால் முடியும். எப்போது எடுக்கப்போகிறீர்கள்?”

அங்கே எனக்கு வேலை எதுவும் மிச்சமில்லை. இருந்தாலும், ஏதாவது கோளாறு வந்தால் யாரைக் கேட்பார்கள் என்று தோன்றியது. பதில் எழுத ஆரம்பித்தேன். ‘இப்போதைக்கு இருக்கட்டும்’ வரை அடித்துவிட்டு நிறுத்தினேன்.

அவருடைய கணினிப் பிரிவை உச்சியில் ஏற்றிவிட்டு என் பெயரை எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அதைச் செய்ய மனம் வர எனக்கு நான்கு நாள் பிடித்தது.