என் பேரில் கிடந்த பணம்

எங்கள் தெருவுக்குச் சிறுசேமிப்பு ஏஜென்ட் அம்மா ஒருவர் வருவார். நான் அரியலூருக்கு வாழ வந்து, மகள் பிறந்த நாளிலிருந்து விடாமல் வருகிறார். "பாப்பா பேர்ல மாசம் நூறு ரூவாயாச்சும் போட்டு வைங்க, கல்யாணத்துக்கு ஆவும்" என்பார். நான் மோர் கொடுத்து, "மொதல்ல இருக்குற கடன் தீரட்டுங்க" என்று அனுப்பிவிடுவேன். பெண் பேரில் பணம் போடும் பேச்சை எடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம் என் அப்பா.

செட்டிகுளம் பக்கத்தில் எங்களுக்குச் சின்ன வெங்காயம் போடும் நிலம் கொஞ்சம் இருந்தது. நான் ஏழாவது படித்தபோது வெங்காயத்துக்கு நல்ல விலை கிடைத்தது. அந்தப் பணத்தில் அப்பா தபால் ஆபீசில் என் பேரில், ஐந்தாறு வருஷத்தில் போட்டது இரண்டு மடங்காகும் இரட்டிப்புப் பத்திரம் வாங்கினார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அதை எல்லோரிடமும் சொன்னார். பொண்ணு பேரில் போட்டவர் என்று ஊரில் அவருக்கு ஒரு மரியாதை வந்தது. அந்த மரியாதைதான் எங்களைக் கெடுத்தது.

மறு வருஷம் கிணறு வற்றியது. போர் போட்டார். வெறும் புழுதிதான் வந்தது. போர் வண்டிக்காரருக்குக் கொடுக்க அம்மாவின் ஐந்து பவுன் தாலிச் சங்கிலி பெரம்பலூர் அடகுக்கடைக்குப் போனது. அம்மா தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டாள். "அடுத்த வெள்ளாமையில மூட்டுடலாம்" என்றார் அப்பா. அடகுக்கடையில் இரண்டு வட்டி. நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். தபால் ஆபீசில் அதே நூறுக்கு மாதம் ஒரு ரூபாய் சொச்சம்தான் வளர்ந்தது. இதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். ஆனாலும் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இது கணக்காகவே படவில்லை. கடன் அப்பாவின் கஷ்டம், பத்திரம் அப்பாவின் பெருமை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அபசகுனம் மாதிரி.

வழி இல்லாமல் இல்லை. கூட்டுறவு சொசைட்டியில் நகைக்கடனுக்கு வட்டி பாதிதான். கடனை அங்கே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அங்கே எழுதுகிறவர் எங்கள் பங்காளி. "அவன்கிட்ட போயி சங்கிலிய நீட்டுறதுக்கு நாண்டுக்கலாம்" என்றார் அப்பா. அம்மா சேர்ந்திருந்த மகளிர் குழுவில் ஒரு வட்டிக்குக் கடன் கிடைக்கும். "பொம்பளைங்க காசுல நகைய மூட்டான்னு ஊரு சிரிக்கும்" என்றார். அதே குழுவில் மாட்டுத் தீவனத்துக்கு என்று சொல்லி அம்மா சின்னச் சின்னதாகக் கடன் வாங்கி அடகுக்கடை வட்டியைக் கட்டினாள். அதற்கு ஊர் சிரிக்காதாம். கடன் வாங்கி வட்டி கட்டுவது கௌரவம், கடனைத் தீர்ப்பது கேவலம்.

இரண்டு வெள்ளாமை போனது. வட்டியும் நின்றுபோனது. கெடு தாண்டினால் சங்கிலி ஏலத்துக்குப் போகும் என்று கடைக்காரர் ஆள் விட்டார். நான் அப்போது பத்தாவது. அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது எதிரில் போய் நின்றேன்.

"அப்பா, பத்திரத்த ஒடைங்கப்பா. அசலு வட்டி எல்லாம் கட்டிட்டு சங்கிலிய எடுத்துடலாம்."

"பொண்ணு பேர்ல போட்டத தொட்டா வூடு வெளங்காது."

"என் பேர்லதான இருக்கு? நான்தான சொல்றேன்."

அப்பா சோற்றில் இருந்து கையை எடுக்காமல் சொன்னார்: "பேருதான் உன்னுது. பணம் என்னுது."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்பார்கள். எங்கள் அப்பா நெய்க்குக்கூட அலையவில்லை. வெண்ணெயைப் பூட்டி வைத்துவிட்டு அம்மாவைப் பட்டினி போட்டார். சங்கிலி ஏலத்தில் போனது. அதுவரை கட்டிய வட்டியைக் கூட்டினால் இன்னொரு சங்கிலியில் பாதி தேறும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, கேட்க யாரும் இல்லை.

ப்ளஸ் டூ முடித்துக் கொஞ்ச நாளில் அரியலூரில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பத்திரமும் முதிர்ந்திருந்தது. எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதால் என் கையெழுத்து வேண்டும் என்று தபால் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அப்பா முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து ஒன்றைக் கேட்டார்.

"அந்தப் பணத்துல அம்மாவுக்குச் சங்கிலி வாங்கித் தர்றதா இருந்தா போடுறேன்" என்றேன்.

"அம்மாவுக்கா கல்யாணம்?" என்றார்.

"அப்ப போட மாட்டேன்."

அன்று சாயங்காலம் அம்மா மாட்டுக்கொட்டகைக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். "போட்டுடும்மா. என்னால கல்யாணம் நின்னுதுன்னு இருக்க வேணாம்" என்றாள். அவளுக்காக மறுத்தேன், அவளுக்காகவே மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டேன். இன்றுவரை அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

மண்டபம், சாப்பாடு எல்லாம் போக மிச்சத்துக்கு மூன்று பவுன் சங்கிலி வந்தது. பவுன் விலை அதற்குள் ஏறியிருந்தது. கல்யாணத்தன்று வந்தவர்கள் எல்லாம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "எத்தன கஷ்டத்துலயும் பொண்ணு பேர்ல போட்டத தொடாத மனுசன்" என்றார் அந்தப் பங்காளி. அப்பா தலைகுனிந்து அடக்கமாகச் சிரித்தார்.

அலங்கார அறையில் அம்மாதான் எனக்குச் சங்கிலியைப் போட்டுவிட்டாள். கொக்கியை மாட்டும் முன்னால் உள்ளங்கையில் வைத்து ஒருமுறை தூக்கிப் பார்த்தாள். அவள் கழுத்தில் அன்றைக்கென்று புதிதாக மஞ்சள் பூசிய கயிறு இருந்தது.

"நம்முளுது இன்னும் கனமா இருக்கும்ல" என்றாள்.