சிமென்ட் குடித்த சுவர்

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு நஷ்டமில்லை. இது பட்டப்பகலில் நடந்தது, நான் குடிக்கிற ஆளும் இல்லை.

சுரங்க ரயில் வேலை. சுவருக்குப் பின்னால் மண்ணில் இருக்கும் ஓட்டையைச் சிமென்ட் கரைசல் அடித்து நிரப்பும் பம்ப் என் பொறுப்பு. வளைவுக்கு அந்தப் பக்கம், குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில், என் தங்கை புருஷன். உள்ளே போன் எடுக்காது. குழாயை ஸ்பேனரால் தட்டித்தான் பேசுவோம். ஒரு தட்டு என்றால் ஓட்டு. இரண்டு தட்டு என்றால் உடனே நிறுத்து. நிறுத்தாவிட்டால் குழாய் வெடித்து ஆள் காலி.

சுவரோ குடித்துக்கொண்டே இருந்தது. போட்ட கணக்கைவிடப் பல மடங்கு. ஏற்கெனவே திட்டச் செலவு மூன்று மடங்காகிவிட்ட கடுப்பில், மேனேஜர் எங்கள் மேல் எரிந்து விழுந்துகொண்டிருந்தார்.

பதினொன்றே கால் இருக்கும். டக். டக்.

நிறுத்தினேன்.

"எதுக்குய்யா நிறுத்தினே?"

"மாப்பிள்ளை தட்டினாரு சார்."

"ஒரு மணி நேரம் நின்னா எவ்வளவு நட்டம் தெரியுமா?" சொல்லிக்கொண்டே அவரே பொத்தானை அமுக்கிவிட்டார். பாவி.

டக் டக். டக் டக். டக் டக்...

தங்கை முகம் கண்முன் வந்தது. பம்பை அணைத்து, சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

மாப்பிள்ளை ஹாயாக உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

"ஏன் மச்சான் சும்மா சும்மா நிறுத்துறீங்க?"

"நீங்க தட்டலையா?"

"நானா? இல்லையே. நீங்க தட்டுறீங்கன்னுல்ல நினைச்சேன்."

டக்... டக்...

குழாயின் முனையை யாரோ தட்டினார்கள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

இடுக்கு வழியே கரைசல் திரும்பி வழிந்தது. அழுகல் நாற்றம். அடைக்கப் போய்க் கை வைத்தேன்.

விரலில் முடி சிக்கியது...

அன்றே இரண்டு பேரும் வேலையை விட்டோம்.

பிறகுதான் அங்கே பல வருடம் இருந்த வெல்டர் சொன்னார். மூன்று வருடத்துக்கு முன் அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு சோதனைக் குழி சரிந்ததாம். உள்ளே ஒருவன் மாட்டிக்கொண்டான். தோண்டினால் வேலை தள்ளிப்போகும், செலவு ஏறும் என்று அப்படியே மூடிவிட்டார்களாம். த்தூ! இதுகளெல்லாம் மனுஷ ஜென்மமா?

நாங்கள் விட்ட மறுநாளே வேறு ஆளை வைத்துப் பம்பை ஓட்டியிருக்கிறார்கள். சாயங்காலம் வரை தட்டல் கேட்டுக்கொண்டே இருந்ததாம். யாரும் நிறுத்தவில்லை.

சிமென்ட் நிரம்பிய பிறகுதான் அது நின்றதாம்.