அம்மணி கிரீஸ்

ராமாமணி கல்யாணமாகி கோயம்புத்தூர் உக்கடத்துக்கு வந்தது 1958-இல். ரசாயனம் படித்த பட்டதாரி. கணவர் சுந்தரராஜுலு வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, மாட்டுக்கொழுப்பையும் காஸ்டிக் சோடாவையும் மெஷின் ஆயிலில் காய்ச்சி கிரீஸ் விற்றுக்கொண்டிருந்தார். அந்த நாற்றத்துக்கு ராமாமணி கொட்டகைப் பக்கமே போகமாட்டாள்.

ஐப்பசி மழையில் அன்னூரிலிருந்து அங்கப்பன் என்ற விவசாயி வந்தார்.

"ஏனுங்க, உங்க கிரீஸைக் கெணத்து பம்புக்குப் போட்டனுங்க. தண்ணி பட்டதும் நுரை நுரையா வருது. மோட்டார் சோப்புப் போட்டுக் குளிச்சாப்புல நிக்குதுங்க."

உள்ளேயிருந்த ராமாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் போனதும் கணவரிடம் சொன்னாள்: "நீங்க காய்ச்சறது நெசமாவே சோப்புத்தானுங்க. சோடா போட்டா தண்ணியில கரையும். சுண்ணாம்பு போட்டா கரையாது."

"அப்ப நீயே வந்து காய்ச்சு," என்றார் அவர். கோபமில்லை, நிஜமாகவே கூப்பிட்டார்.

வந்தவள் முதலில் கொழுப்பைத்தான் ஒழித்தாள். மெஷின் ஆயிலில் விளக்கெண்ணெயும் சுண்ணாம்பும் சேர்த்துக் காய்ச்சினாள். நாற்றம் போயிற்று. ஆறியதும் கிரீஸ் கொழகொழவென்று இருந்தது. பரவாயில்லை என்று டின்னில் அடைத்து இருவரும் அன்னூர் பஸ் ஏறினார்கள். கூரைமேல் வெயிலில் கிடந்த டின் உருகி ஒழுகி, ஜன்னலோரம் இருந்தவரின் வெள்ளைச் சட்டையில் கோடு கோடாக இறங்கியது. பாதி வழியில் இறக்கிவிட்டார்கள். சுந்தரராஜுலு சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். ராமாமணிக்கு அழுகை முட்டியது.

எதிரே தோட்டத்தில் பருத்திமாரை, பஞ்செடுத்த பின் காய்ந்து நின்ற செடிகளை, பிடுங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கோணல்மாணலான மார்கள் கட்டுக்குள் அடங்காமல் துருத்தின. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெல்லச் சொன்னாள்:

"விளக்கெண்ணெயோட மூலக்கூறும் இப்படித்தானுங்க. நீளமான சங்கிலி, நடுவுல மடங்கிக் கெடக்குது. மடங்குனது ஒண்ணோட ஒண்ணு நெருங்கி அடுக்காது. அடுக்குனாத்தான் நார் நாராச் சேந்து, வலையாட்டம் மெஷின் ஆயிலைப் புடிச்சு வெக்கும்."

"கொழுப்பு மட்டும் எப்படிக் கெட்டியாச்சு?"

"அதுல பாதிக்கு மேல நேரான சங்கிலிங்க. ஆனா பக்கத்துல இருக்கறதைப் புடிச்சுக்கக் கையில்லை. விளக்கெண்ணெய்ச் சங்கிலியில கையாட்டம் ஒரு ஹைட்ராக்சில் நீட்டிக்கிட்டு இருக்குது, முதுகுதான் கோணல். அதை நிமித்தோணும்."

"பொண்ணு பாக்கப் போனவளாட்டம் பேசறே," என்றார் அவர்.

வனஸ்பதி செய்வதுபோல ஹைட்ரஜன் ஏற்றினால் அந்த மடிப்பு நிமிர்ந்துவிடும். அப்படிச் செய்த விளக்கெண்ணெய், மெழுகுபோல வெள்ளைக் கட்டியாக, பம்பாயிலிருந்து ஒரு வியாபாரி மூலம் வந்து சேர மாசி ஆகிவிட்டது. அதே சுண்ணாம்பு, காய்ச்சுகிற அதே கொப்பரை. ஆறியபின் சுந்தரராஜுலு கரண்டியைக் குத்தி நிறுத்தினார். சாயாமல் நின்றது. டின்னை வெயிலில் வைத்தார்கள், ஒழுகவில்லை.

அங்கப்பன் எளிதில் நம்பவில்லை. ஒரு உருண்டையை வாளித் தண்ணீரில் போட்டு, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். பிறகுதான் பம்புக்குப் போட்டார். அடுத்த மழைக்காலம் முழுக்க மோட்டார் நுரை தள்ளாமல் ஓடியது. அந்த வீட்டு அம்மணி காய்ச்சினது என்று அவர் சொல்லிச் சொல்லி, பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் கடைகளுக்கு வந்து "அந்த அம்மணி கிரீஸ் குடுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ராமாமணிக்கு அந்தப் பெயர் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ரசாயனப் பெயராக, கேட்டால் மரியாதை வருகிற மாதிரி ஒன்றை அவள் யோசித்து வைத்திருந்தாள். கணவர் அவளைக் கேட்காமலே பெயின்டரை வரவழைத்து, கொட்டகைப் பலகையில் பெரிய எழுத்தில் 'அம்மணி கிரீஸ்' என்றே எழுதவைத்துவிட்டார். ரெண்டு நாள் அவள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கொப்பரை அடுப்பேற வேண்டியிருந்ததால் பேசினாள்.