அளந்து குடித்த தண்ணீர்

தராசு பழுதுபார்க்கிறவரே தொண்ணூறு கிலோவை நெருங்கினால் கடைவீதி சும்மா இருக்குமா? அவருக்கு எடைக்கல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கைக்கு ஒன்றாக இருபது கிலோ இரும்புக் கல்லைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவார். தராசில் கல்லை வைத்து, சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து, காட்டினால் அந்த வருஷத்துச் சீட்டை ஒட்டிவிட்டு வருவார். "கல்லு எதுக்குங்க, நீங்களே ஏறி நின்னா போதாதா?" என்று மளிகைக்கடைக்காரர் வருஷம் தவறாமல் கேட்பார். இவரும் வருஷம் தவறாமல் சிரித்து வைப்பார். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சிரிப்பைக் கழற்றி வைத்துவிடுவார் என்பது மனைவிக்கு மட்டும் தெரியும்.

அவள் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். மாமனார் நாற்பத்தாறு வயதில் மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். கணவருக்கு நாற்பது ஆனபோது அவள் மீதி ஆறு வருஷத்தை விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். ஆகவே அவர் ஒரு நாள் நீச்சல்குளத்துத் தராசைப் பார்க்கப் போய், நீந்தக் கற்றுக்கொள்ளப் பெயர் கொடுத்துவிட்டு வந்தபோது, அவள்தான் முதலில் சந்தோஷப்பட்டாள்.

குளத்தில் ஆரம்பித்தது சைக்கிளுக்குப் போய், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்குப் போயிற்று. மூன்றையும் சேர்த்து ஒரு போட்டி உண்டு என்று குளத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நீந்த வேண்டும், கரையேறி நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும், இறங்கி நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட வேண்டும். எல்லாம் ஒரே நாளில், பதினேழு மணி நேரத்துக்குள். கூலி கொடுத்தாலும் யாரும் செய்யாத வேலை இது. இவர்கள் கட்டணம் கட்டிச் செய்கிறார்கள்.

முதல் தடவை எண்பத்தாறு கிலோவோடு போனார். மண்டையைப் பிளக்கிற வெயில். ஓட்டத்தில் முப்பதாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் இழுத்துச் சுருண்டு விழுந்தார். மருத்துவக் கூடாரத்துக்குத் தூக்கிப்போய் எடை பார்த்தார்கள். காலையில் இருந்ததைவிட நாலரை கிலோ குறைவு. "உடம்புல தண்ணியே இல்ல, காஞ்சு போயிருக்கீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். கடைவீதி விஷயத்தைக் கேட்டு ஒரு வாரம் சிரித்தது.

அவர் இரண்டு பாடம் எடுத்துக்கொண்டார். ஒன்று, இந்த உடம்பைக் குறைக்க வேண்டும். மற்றது, போட்டி நாளில் மட்டும் எடை இறங்கவே கூடாது.

முதல் பாடத்துக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. ஒரு கிலோ போனால் எத்தனை நிமிஷம் மிச்சம் என்று எழுதி பீரோக் கதவில் ஒட்டினார். தன் பட்டறைத் தராசிலேயே தினமும் காலையில் ஏறி நின்றார். சோற்றைக் குறைத்தார், எண்ணெயை விட்டார், கடைசியில் உப்பையும் விட்டார். "உப்பு தண்ணியப் பிடிச்சு வச்சுக்கும். மறுநாள் நானூறு கிராம் ஏத்திக் காட்டும்" என்றார். அதற்கப்புறம் அவள் அவருக்குத் தனிப் பாத்திரத்தில் உப்பில்லாமல் சமைத்தாள். பேன்ட்டுகளை ஐந்து முறை பிடித்துத் தைத்தாள். நாற்பது அங்குல இடுப்பு முப்பத்தொன்றுக்கு வந்தபோது இரண்டு பின்பாக்கெட்டும் முதுகெலும்பருகே ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. "இனிமே பிடிக்கத் துணி இல்லங்க, புதுசா வாங்கிக்கோங்க" என்றாள். அவருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு அந்த இரண்டு வருஷத்தில் கிடைக்கவில்லை.

இரண்டாவது பாடத்தை அவர் ஒரே நாளில் முடித்துவிட்டார். விழுந்து எழுந்த அதே மாதம், அதே வெயிலில், ஒரு மணி நேரம் ஓடி, ஓடுமுன் ஒரு முறையும் ஓடிய பின் ஒரு முறையும் எடை பார்த்தார். ஒரு கிலோ இருநூறு கிராம் இறங்கியிருந்தது. அப்படியானால் மணிக்கு ஒரு லிட்டர் இருநூறு மில்லி தண்ணீர் குடித்தாக வேண்டும். அதையும் எழுதி அதே பீரோக் கதவில் ஒட்டினார். எந்தக் கடைத் தராசையும் வருஷத்துக்கு ஒரு முறை திரும்பச் சோதிக்காமல் விடாத மனிதர் அவர். பதினெட்டு கிலோ கரைந்துபோன தன் உடம்பைத் திரும்பச் சோதிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாவது போட்டிக்கு ஒரு வாரம் முன்பு, ஓடும் பாதையில் தண்ணீர் மேஜைக்கு ஆள் தேவை என்று அறிவித்தார்கள். அவர் அவள் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

"நான் எதுக்குங்க? எனக்கு அங்க யாரத் தெரியும்?"

"நீ இருந்தா நான் வேணாம்னு சொன்னாலும் விடாமக் குடுப்ப. ஓடுறப்ப வயிறு வேணாம்னுதான் சொல்லும், அதை நம்பக் கூடாது. சுத்துக்கு ரெண்டு டம்ளர். விட்டுறாத."

"முழுசா வீடு வந்து சேர்ந்தா போதும் எனக்கு. ரெண்டு என்ன, நாலு குடுக்கறேன்" என்றாள் அவள்.

போட்டி நாளில் வெயிலே இல்லை. விடிந்ததிலிருந்து மேகம் மூடிக் காற்று சில்லென்று அடித்தது. கிளம்புமுன் தராசில் ஏறி நின்றார். அறுபத்தெட்டு கிலோ முந்நூறு. அவர் கைக்கடிகாரம் கால் மணிக்கு ஒரு முறை கூவும், கூவினால் குடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. கரையேறியதிலிருந்து அது கூவிக்கொண்டே இருந்தது, அவரும் குடித்துக்கொண்டே இருந்தார். சைக்கிளை விட்டு இறங்கும்போது போன தடவையைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருந்தார். சரியாகத்தான் போகிறது என்று அவள் நினைத்தாள். அவள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

ஓட்டம் எட்டுச் சுற்று. முதல் மூன்று சுற்றிலும் மேஜையருகே வந்ததும் கண்ணடித்தார். இரண்டு டம்ளரையும் மடக் மடக்கென்று குடித்துவிட்டுப் போனார். நாலாவது சுற்றில் கண்ணடிக்கவில்லை. ஐந்தாவதில் நின்றார்.

"தலை வலிக்குது. கொமட்டுது."

"குடிக்காமத்தான் இருக்கும். இந்தாங்க."

"வேணாம்மா. வயித்துல தளும்புது."

"வயிறு சொல்றத நம்பக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

குடித்தார். டம்ளரை வாங்கும்போது அவர் விரலைப் பார்த்தாள். இரண்டு வருஷமாய்ச் சுழன்று சுழன்று கழன்று விழப் பார்த்த மோதிரம் இன்று சதைக்குள் பதிந்திருந்தது. கடிகாரப் பட்டைக்கு இருபுறமும் மணிக்கட்டு புடைத்திருந்தது. உழைத்த கை வீங்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டாள்.

ஆறாவது சுற்றில் அவர் ஓடவில்லை, தள்ளாடி வந்தார். "நம்ம மெஷினை யாரு இங்க தூக்கிட்டு வந்தா?" என்று காலி மேஜையைக் காட்டிக் கேட்டார். பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து வாந்தி எடுத்தார். போன தடவை கூடாரத்தில் பார்த்த முகம்தான் அவள் கண்ணில் நின்றது. காய்ந்துவிட்டார், மறுபடியும் காய்ந்துவிட்டார். தூக்கிப்போக ஆள் வருவதற்குள் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் ஊற்றினாள். குழந்தை மாதிரி குடித்தார்.

கூடாரத்தில் இரண்டு பேர் தாங்கிப் பிடித்துத் தராசில் நிறுத்தினார்கள். எழுபத்தொரு கிலோ அறுநூறு.

"உங்க தராசு தப்புங்க. காலையில அறுபத்தெட்டு முந்நூறு. அவரே பார்த்தார். அவருக்கு வேலையே அதுதான்" என்றாள்.

டாக்டரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஏறியிருக்கா? நல்லாத் தெரியுமா? இன்னைக்கு எவ்வளவு தண்ணி குடிச்சார்?"

சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் கணவருக்கு வலிப்பு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். உடம்பில் தண்ணீர் கூடி உப்பு நீர்த்துப் போயிருக்கிறது, மூளை வீங்கியிருக்கிறது என்று வேறொரு டாக்டர் பொறுமையாகச் சொன்னார். குளிரான நாள், இளைத்த உடம்பு, வேர்வை பாதிகூட இருந்திருக்காது, உப்பும் சேர்க்கவில்லை. அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கடைசி பாட்டிலை நான் குடுக்காம இருந்திருந்தா?"

"அதுக்கு முன்னாடியே அதிகம் ஆயிடுச்சும்மா" என்றார். சொல்லுமுன் கொஞ்சம் யோசித்தார். அந்தக் கொஞ்சம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் உயிர் போயிற்று.

அளவுக்கு மிஞ்சினால் என்று பழமொழியை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் அதை மடித்து உள்ளே வைத்துக்கொள்ளலாம். அவர் அளவில்லாமல் குடித்தவர் இல்லை. சொட்டுக் கணக்காக அளந்து குடித்தவர்.

டாக்டர் சொன்னதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. போட்டியில் மயங்கி விழுந்தார், அவ்வளவுதான். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் போன பிறகும் நாத்தனார் மட்டும் இருந்தார். கணவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், அம்மா இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். ஒரு நாள் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"அவன் தாகத்தோட போகலையே?"

"இல்ல அண்ணி."

"நெசமாவா? அவ்வளவு தூரம் ஓடினவனுக்கு நாக்கு வறண்டிருக்குமேன்னு எனக்குத் தூக்கமே வரல. தண்ணி குடிச்சானா?"

"குடிச்சார். சுத்துக்கு ரெண்டு டம்ளர். விழுந்தப்புறம் ஒரு பாட்டில்."

"யாரு குடுத்தா?"

"நான்தான்."

நாத்தனார் அழுதார். இத்தனை நாளும் அழுத அழுகை இல்லை அது. மனசு ஆறி வந்த அழுகை. அவள் வலது கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இந்தக் கை நல்லா இருக்கணும்மா" என்றார்.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.