தாருக்கு அடியில் எல்லம்மா

சண்டைக் காலத்தில் விமானம் இறங்கவென்று வெள்ளைக்காரன் பட்டாபிராமுக்கு அப்பால் ஓர் ஊரையே காலி செய்தபோது கஜபதிக்கு எட்டு வயது. வீடுகள் போனது போகட்டும், குலதெய்வம் எல்லம்மாவையுமா ஓடுதளத்துக்கு அடியில் போட்டு மூடுவான்? சண்டை முடிந்தும் நிலம் பட்டாளத்திடமே தங்கிவிட்டது. ஆடியில் ஒரு நாள் மட்டும் ஊர்க்காரர்கள் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே போய், சிமெண்டுத் தரையில் இருந்த ஒரு வெடிப்புக்குப் படையல் போடுவார்கள். அம்மன் இருந்த இடம் அதுதான் என்று அடையாளம் காட்ட, பெரியவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தபின் கஜபதி ஒருவர்தான் மிச்சம்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் கூழ்ப்பானையோடு போனால், தளம் முழுக்கப் புதுத் தார். வெடிப்பைக் காணோம்.

"இன்னா நைனா, முழிச்சிகினு நிக்கிறே? பானைய எங்க எறக்கட்டும்?" என்றாள் மகள் நாகம்மா.

கொடுத்திருந்ததே அரை மணி நேரம். காவலுக்கு வந்த சிப்பாய் கடிகாரத்தைப் பார்த்தான்.

கஜபதி நாலு பக்கமும் பார்த்தார். எங்கும் ஒரே கறுப்பு.

"இங்கதான்" என்று தன் காலடியைக் காட்டினார்.

கற்பூரம் ஏற்றி எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள்.

"நீயும் கும்புடு நைனா."

கஜபதி கையைக் கூப்பினார். எந்தப் பக்கம் திரும்புவது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.